ஏசுவதற்கு ஒரு பெயர்

ஒரு தவறு நடந்தது. அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று முறையாக விசாரித்து முடிவும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு, அந்தத் தவறைச் செய்தவர் எங்கே போய் நிற்பது?

இஞ்சிவிளை பிரசீதாவின் வாழ்க்கை எனக்கு இந்தக் கேள்வியாகவே தெரிகிறது. நான் படித்த தத்துவ நூல்களில் இதற்கு நேரான பதில் இல்லை. அவற்றில் குற்றம் செய்தவரும் குற்றம் சாட்டுகிறவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் வந்து நிற்க, எதிர் நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று அவை அதிகம் யோசிக்கவில்லை.

பிரசீதாவுக்கு முப்பதைத் தாண்டிய வயது. கேரள எல்லைக்குள், பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கு நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் வீடு. அப்பா கிருஷ்ணன்குட்டி லாரி ஓட்டினார், இப்போது இல்லை. அம்மா விஜயம்மா முந்திரி ஆலையில் பருப்பு உடைத்து மகளைப் படிக்க வைத்தவர். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் எழுதியது மலையாளம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எந்த மொழியை எங்கே எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கிராம அலுவலகத்திலும் மருந்துக் கடையிலும் மலையாளம். சண்டை போடவும் சாமி கும்பிடவும் தமிழ். வலி வந்தால் தமிழ்தான் வாயில் வரும். இது பிறவியிலேயே வந்துவிட்ட ஒரு ஒழுங்கு, அதனால் அதைப் பற்றி யாரும் நினைப்பதும் இல்லை.

பிரசீதா அதைப் பற்றி நினைக்க ஆரம்பித்தது நெய்யாற்றின்கரையில் கல்லூரிக்குப் போனபோது. அவளுடைய மலையாளத்தில் ஏதோ ஒரு இழுப்பு இருந்தது. தோழிகள் சிரித்தார்கள். மூன்று வருடத்தில் அந்த இழுப்பைத் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் செய்தாள். ஊர் எது என்று கேட்டால் அதற்குப் பிறகு நெய்யாற்றின்கரை என்றே சொன்னாள். இது பெரிய பொய் இல்லை. ஆனால் அவள் கதையில் பெரிய பொய் எதுவும் கிடையாது. எல்லாம் இந்த அளவில்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எல்லையின் இரு பக்கத்திலும் உள்ள சில ஆஸ்பத்திரிகளுக்காக ஆம்புலன்ஸ் வண்டிகளை ஓட்டும் நிறுவனம் அது. ஒரே எண், கூப்பிட்டால் வண்டி வரும். அழைப்பை எடுப்பவர்கள் திருவனந்தபுரத்தில் ஒரு கூடத்திலும் நாகர்கோவிலில் இன்னொரு கூடத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். வேலையில் சேரும்போது என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டார்கள். மலையாளம், ஆங்கிலம் என்றாள்.

ஏன் தமிழைச் சொல்லவில்லை என்று பிற்பாடு நான் கேட்டபோது, “சொன்னா பாண்டின்னு பேரு விழும்” என்றாள். தமிழர்களை அங்கே இளக்காரமாக அழைக்கும் பெயர் அது. அந்தக் கூடத்தில் தமிழ் அழைப்பு வந்தால் ஒரு கேலி உண்டு. பக்கத்து இருக்கை சுமி தன் திரையில் நிறம் மாறியதைப் பார்த்ததும், “பாண்டி லோரி வந்நு” என்பாள். நாலு பேர் சிரிப்பார்கள். பிரசீதாவும் சிரிப்பாள். சுமி கெட்டவள் இல்லை. மதியம் கொண்டுவரும் மரவள்ளிக்கிழங்கில் பாதியைப் பிரசீதாவுக்கு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

அழைப்பு எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கூப்பிடுகிறவர் பேசத் தொடங்கியதுமே அது எந்த மொழி என்று கணினி கண்டுபிடித்துத் திரையில் காட்டும். தமிழ் என்றால் ஒரு மஞ்சள் பொத்தான் மினுங்கும். அழுத்தினால் அழைப்பு நாகர்கோவிலுக்குப் போகும். இந்த ஏற்பாடு முன்னொரு காலத்தில் நடந்த பிழையிலிருந்து வந்தது. யாரோ ஒருவர் தமிழில் சொன்ன இடத்தைப் புரிந்துகொள்ளாமல் வண்டி வேறெங்கோ போயிற்று. அதைத் திருத்தினார்கள். இன்னொரு பிழையில், நாகர்கோவிலிலிருந்து வண்டி எல்லை தாண்டி வரத் தாமதமானது. அதையும் திருத்தினார்கள்: இடம் கேரளத்தில் இருந்தால் நாகர்கோவில்காரர்கள் வண்டி அனுப்பக்கூடாது, அழைப்பைத் திருவனந்தபுரத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு திருத்தங்களும் சரியானவை. கேரளத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற ஓர் ஊரில் அவை ஒன்றையொன்று சந்திக்கும் என்று இரண்டையும் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஊர்களில் ஒன்று பொழியூர்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. பிரசீதாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. வழக்கம்போல, “நமஸ்காரம். எந்து சஹாயமாணு வேண்டது?” என்றாள்.

“மக்களே, ஆளு விழுந்துட்டாரு. நெஞ்சப் பிடிச்சிட்டுக் கெடக்காரு. ஒரு வண்டி விடுங்க. பொழியூராக்கும். குருசடிக்குப் பொறத்த.”

வயதான பெண்ணின் குரல். திரை தமிழ் என்று சொல்வதற்கு முன்பே பிரசீதாவுக்கு அது தெரிந்துவிட்டது; மொழி மட்டுமல்ல, எந்தக் கடற்கரைத் துண்டு என்பதும். குரலுக்குப் பின்னால் ஓர் ஆண், “வெள்ளம் தா” என்று தண்ணீர் கேட்டது காதில் விழுந்தது. உச்சக்கடைச் சந்திப்பில் வண்டி ஒன்று சும்மா நிற்பது திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

சுமி எட்டிப் பார்த்து, “எந்தா, லோரியாணோ?” என்றாள். யாரோ சிரித்தார்கள்.

பிரசீதா மலையாளத்தில், “லைனில் நில்க்கணே, தமிழ் சென்டரிலேக்கு கொடுக்காம்” என்று சொல்லி மஞ்சள் பொத்தானை அழுத்தினாள்.

நாகர்கோவிலில் எடுத்தவர் பொழியூர் என்று கேட்டதும், விதிப்படி திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அது இந்த முறை சுமிக்கு வந்தது. சுமிக்கு உண்மையிலேயே தமிழ் தெரியாது, நாகர்கோவிலுக்கு மாற்றினாள். அங்கே வேறொருவர் எடுத்துத் திரும்பவும் இங்கே மாற்றினார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் முதலிலிருந்து சொன்னார். பிறகு லைன் துண்டானது. கடல் அரித்துப் போன சாலையைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ வந்து, விழுந்து கிடந்தவரை ஏற்றிப் புறப்பட்டது. வழியிலேயே உயிர் போய்விட்டது.

இறந்தவர் பத்ரோஸ். கூப்பிட்டவர் அவர் மனைவி லூயிசா.

அது அன்றைக்குப் பிரசீதாவுக்குத் தெரியாது. அவள் ஐந்து மணிக்கு இறங்கி, ரயிலில் ஜன்னலோர இருக்கை பிடித்து, பாறசாலையில் இறங்கி வீட்டுக்குப் போனாள். இடையில் ஏதோ உறுத்தியதாகச் சொன்னாள். எத்தனையோ அழைப்புகளை மாற்றியிருக்கிறாள். அன்று மட்டும் உறுத்தியதற்கு அந்த “வெள்ளம் தா” காரணமாக இருக்கலாம். வீட்டில் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தபோது வாங்காமல் நின்றிருக்கிறாள்.

விஷயம் வெளியே வந்தது வேறு விதமாக. அடக்கம் முடிந்த மறுநாள், லூயிசாவின் போனுக்கு ஓர் அழைப்பு போனது. பதிவு செய்யப்பட்ட குரல். எங்கள் சேவையில் திருப்தி என்றால் ஒன்றை அழுத்துங்கள், இல்லை என்றால் இரண்டை அழுத்துங்கள் என்றது. போனை எடுத்தது மகள் மினி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் அது மறுபடி கூப்பிட்டபோது இன்னொரு போனில் பதிவு செய்து, நடந்ததையும் தன் குரலில் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டே நாளில் அது திருவனந்தபுரத்துக் கூடம் வரைக்கும் வந்தது. சுமிதான் பிரசீதாவுக்குக் காட்டினாள். “இது நம்முடெ கோள் அல்லே டீ?”, நம் அழைப்புதானே இது, என்று கேட்டபோது சுமியின் முகம் வெளுத்திருந்தது.

விசாரணைக்கு எர்ணாகுளத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையானவர்கள். கூடத்தின் மேற்பார்வையாளர் ஜித்தின் சுவரில் ஒரு படம் காட்டினான். வட்டங்கள், அம்புகள். அழைப்பு எங்கே தொடங்கி எங்கே போய் எங்கே திரும்பியது என்று எல்லாம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் விதி பின்பற்றப்பட்டிருந்தது. பிரசீதா எடுத்த அழைப்பை எல்லோரும் கேட்கும்படி ஒலிக்க வைத்தார்கள். வாழ்த்து சரி, தாமதம் இல்லை, குரலில் பணிவு உண்டு என்று வந்தவர்களில் ஒரு பெண் சொன்னார். பத்ரோஸ் தண்ணீர் கேட்டது அந்தப் பதிவில் மெல்லியதாகக் கேட்டது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்போது பிரசீதா எழுந்து, தனக்குத் தமிழ் தெரியும் என்று சொன்னாள். வீட்டிலேயே தமிழ்தான் என்றாள். அந்த அம்மா சொன்னது தனக்கு முழுவதும் புரிந்தது என்றும், வண்டி உச்சக்கடையில் நிற்பது தெரிந்தே மாற்றியதாகவும் சொன்னாள்.

சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள். யாராவது கத்துவார்கள் என்று நினைத்தாள். அதற்குத் தயாராக மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாளாம்.

“நேரத்தே பறயண்டே பிரசீதே?” என்றான் ஜித்தின். முன்பே சொல்லியிருக்கலாமே என்று. அவன் குரலில் இருந்தது மகிழ்ச்சி.

எர்ணாகுளத்துப் பெண், இது நல்ல தகவல், இவருடைய மொழித் திறனில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பிரசீதா விடவில்லை. வேண்டுமென்றேதான் மாற்றினேன் என்று மலையாளத்தில் மறுபடி சொன்னாள். இல்லை என்றார் அவர். திரை காட்டியது, நீ அழுத்தினாய், நடைமுறை சரி. வீணாக உன்னை வருத்திக்கொள்ளாதே, வேண்டுமென்றால் பேசிப் பார்க்க ஆலோசகர் ஒருவரை நிறுவனமே ஏற்பாடு செய்யும் என்றார். அமைப்பில் ஓர் இடைவெளி இருந்தது, அதை மூடிவிட்டோம் என்பதுதான் முடிவு. இரண்டாவது முறை மாற்றப்படும் அழைப்பு இனிச் சிவப்பாக ஒளிரும்.

அடுத்த மாதத்திலிருந்து பிரசீதாவுக்குச் சம்பளத்தோடு மொழிப்படி என்று கொஞ்சம் பணம் வந்தது. தமிழ் அழைப்புகள் அவளிடமே வரத் தொடங்கின.

தன் விளைவைத் தானே கவனித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்புகளைப் பற்றி ஆராய ஒரு துறை இருக்கிறது. சைபர்நெடிக்ஸ் என்பார்கள். படகில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பத்ரோஸ் தன் வள்ளத்தில் அமரக்காரர். பின்முனையில் உட்கார்ந்து வழி திருப்புகிறவர். வள்ளம் பாறையில் தட்டினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது அவர் முகத்தைத்தான். அவரும் அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருப்பார். இந்த ஆம்புலன்ஸ் நிறுவனமும் தன்னைத் திருத்திக்கொண்டது, அதை மறுக்க முடியாது. இனி இன்னொரு லூயிசாவின் அழைப்பு சுற்றாது. ஆனால் திரும்பிப் பார்த்தால் பின்முனையில் முகம் எதுவும் இல்லை. ஒரு பெண் கொண்டுவந்து வைத்த குற்றத்தை அது ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, படியும் கொடுத்தது. கொடுமை என்று இதைச் சொல்ல முடியவில்லை. கொடுமை செய்ய ஓர் ஆள் வேண்டும்.

ஆலோசகரிடம் பிரசீதா ஒரே ஒரு முறை போனில் பேசினாள். அவர் இனிமையான பெண்மணி. உங்களை நீங்களே மன்னித்துப் பழகுங்கள் என்றாராம்.

“அது எப்படிப் பற்றும்?” எப்படி முடியும் என்று பிரசீதா என்னிடம் கேட்டாள். நாங்கள் காலையில் ஒரே ரயிலில் போகிறவர்கள். இந்தக் கதையில் பெரும்பகுதி அந்த எதிர் இருக்கையிலிருந்து, துண்டு துண்டாகக் கேட்டது. “நான் எனக்க கிட்ட ஒண்ணும் செய்யல்லியே. செஞ்சது அவங்க கிட்டயாக்கும்.”

வீட்டில் விஜயம்மாவுக்கு மகள் மெலிவது தெரிந்தது, காரணம் பாதிதான் தெரிந்தது. “கம்பெனியே கொழப்பமில்லன்னு சொல்லியாச்சு. பொறவு நீ என்னத்துக்கு சோத்தப் பெசஞ்சிட்டே இருக்க?” என்று கேட்டார்.

“நான் தமிழ்ல ஒரு வாக்கு சொல்லியிருந்தா போதும்மா.”

“அதுக்கு அவங்க உன்னய வேலைக்கு வெச்சது மலையாளத்துக்குத்தானே மக்கா?”

“ஓ.”

“பொறவு?”

“பொறவு ஒண்ணுமில்ல. மோர் ஊத்து.”

பல வாரம் தள்ளிப்போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொழியூருக்குப் பஸ் ஏறினாள். கையில் பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, துக்கத்துக்குப் போகிற உறவுக்காரியைப் போல இருக்குமே என்று வாங்காமல் போனாள். சிலுவை நட்ட குருசடிக்குப் பின்னால் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அதற்கு முன்வரிசையில் இருந்த வீடுகள் கடலில் போய்விட்டன. லூயிசா முற்றத்தில் உட்கார்ந்து, மீன் விற்கக் கொண்டுபோகும் அலுமினியப் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மினி உள்ளேயிருந்து வந்து யார் என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் கம்பெனி என்றதும் அவள் முகம் மாறியது.

“இதுக்கும் ஒண்ணு, ரெண்டு அமுக்கணுமா?” என்றாள் மினி.

“மினி, வந்த ஆளுக்கு இருக்கதுக்கு வல்லதும் எடுத்துப் போடு” என்றார் லூயிசா.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிரசீதா உட்காரவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று அவள் தேடுவதற்குள் லூயிசாவே பேசினார். கம்பெனியிலிருந்து வந்தவளுக்குத் தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டதுபோல இருந்தது.

“என்னய ஒண்ணும் நினைக்கப்படாது மக்களே. எனக்கு மலையாளம் தெரியாததொண்ணும் இல்ல. பாறசால சந்தைல நான் முப்பது வருசமா மலையாளம் பறஞ்சுதான் மீன் விக்கேன். அண்ணைக்கு நாக்குல வரல்ல. அவரு கெடக்க கெடப்பப் பாத்தப்பம் தமிழு தான் வந்துது. நான் மலையாளத்துல பறஞ்சிருந்தா வண்டி வந்திருக்கும்.”

“அம்மா சும்மா கெடக்கியா?” என்றாள் மினி. பிரசீதாவைப் பார்த்து, “இதத்தான் எப்பளும் பறையுது. ராவும் பகலும். எனக்க பேச்சினால போச்சு, எனக்க பேச்சினால போச்சுன்னு. நீங்களாவது சொல்லுங்க சேச்சி, அது அப்படி இல்லன்னு.”

இந்த இடத்தில் பிரசீதாவுக்கு ஒரு வழி திறந்திருந்தது. அது அப்படி இல்லை, அமைப்பில் ஓர் இடைவெளி இருந்தது, மூடிவிட்டோம் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். அதைச் சொல்ல நாக்கு எழுந்தது என்றே அவள் ஒப்புக்கொண்டாள்.

“அண்ணைக்கு மொதல்ல போன் எடுத்தது நானாக்கும்” என்றாள்.

லூயிசாவின் கை நின்றது. “நமஸ்காரம் சொன்ன பிள்ளையா?”

“ஆமா.”

“நெனக்குத் தமிழு உண்டுமா?”

“உண்டு.”

“இந்தத் தமிழா?”

“இதே தமிழுதான்மா. இஞ்சிவெளையாக்கும் வீடு.”

லூயிசா அவளை ஏறிட்டுப் பார்த்தார். “அப்பம் நான் சொன்னது ஒனக்கு வெளங்கிச்சு.”

“வெளங்கிச்சு.”

“பொறவு என்னத்துக்கு மக்கா மாத்திவிட்ட?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நீண்ட பதில் ஒன்று பிரசீதாவிடம் இருந்தது. திரை, பொத்தான், விதி எல்லாம் அதில் இருந்தன. அவள் அதைச் சொல்லவில்லை. “பக்கத்துல ஆளுவ உண்டு. தமிழ் பேசினா சிரிப்பாங்க” என்றாள்.

“சிரிப்பாங்கன்னு” என்றார் லூயிசா. பிறகு மினியைப் பார்த்து, ஏதோ தொலைவில் நடந்ததைச் சொல்வதுபோல, “சிரிப்பாங்களாம்” என்றார்.

மினி நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். “எறங்கிப் போங்க. இதச் சொல்லதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? சொல்லி எறக்கி வெச்சுட்டு நீங்க சொகமா ஒறங்கணும், இல்லியா? போங்க சேச்சி.”

இந்த வார்த்தைகளை எனக்குச் சொன்னபோது, மினி சொன்னது சரிதான் என்று பிரசீதா சேர்த்துக்கொண்டாள். எனக்கும் அதில் பாதி சரி என்று படுகிறது. ஒப்புக்கொள்வதில் எப்போதும் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது. சுமையை மாற்றி வைக்க இன்னொருவர் தோள் தேவைப்படுகிறது.

“நில்லு மினி” என்றார் லூயிசா. “நீ பிள்ள, அந்தப் போன்ல வேற என்ன கேட்ட?”

பிரசீதா அவர் பக்கம் திரும்பினாள்.

“அவரு ஒண்ணும் பறஞ்சாரா? நான் கத்திட்டு நின்னேன், எனக்கு ஒண்ணும் கேக்கல்ல.”

“வெள்ளம் கேட்டாரு” என்றாள் பிரசீதா.

இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. லூயிசா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உடம்பு மட்டும் குலுங்க உட்கார்ந்திருந்தார். மினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரசீதாவைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் வெயிலில் அப்படியே நின்றாள்.

லூயிசா தலை நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. “இத்தன நாளும் நான் என்னயத்தான் ஏசிட்டுக் கெடந்தேன். கம்பெனிய ஏசலாம்னு பாத்தா அது ஒரு ஆளா, ஏசுகதுக்கு? அதுக்கு மொகமும் இல்ல, முதுகும் இல்ல. இனி நின்னய ஏசுவேன். நல்லா ஏசுவேன், கேட்டியா.”

“ஏசுங்கம்மா.”

“பேரு என்ன?”

“பிரசீதா.”

“அப்பனுக்க பேரு?”

“கிருஷ்ணன்குட்டி. இப்பம் இல்ல.”

“அந்த மனுசன ஏச மாட்டேன். இனி நீ இங்க வராத. எனக்கு நின்னய பாக்கண்டாம். பேரு மதி, அது போதும்.”

பிரசீதா திரும்பி நடந்தாள். சந்தில் திரும்பும்போது பின்னால் லூயிசாவின் குரல் கேட்டது. அவள் பெயரைச் சொல்லி, அப்போதே தொடங்கியிருந்தார்.

எல்லோரும் அவள் வேலையை விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். விடவில்லை. கூடத்தில் தமிழ் அழைப்பு வந்தால் குரலைத் தாழ்த்தாமல் பேசினாள்: “சொல்லுங்கம்மா, எந்த எடம்? பயப்படாதீங்க, வண்டி வருது.” லாரிக் கேலி நின்றுபோனது. சுமி கிழங்கில் பாதியை அப்போதும் வைத்தாள். இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பொழியூருக்கு அவள் பிறகு போகவும் இல்லை.

போன வருடம் நிறுவனம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இனி அழைப்பை எடுப்பது இயந்திரக் குரல். இரண்டு மொழியும் அதற்குத் தெரியும், எல்லை ஊர்களின் பேச்சும் தெரியும். பிரசீதா எடுத்த அழைப்புகளைக் கேட்டுத்தான் அது கற்றது என்று ஜித்தின் சொன்னான். எந்த வண்டி போக வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். கூடத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலியாகும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. ஏதாவது தவறு நடந்தால் பதில் சொல்ல, பெயரோடு ஒரு மனிதர் வேண்டும்.

ஜித்தின் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பதவியை விளக்கினான். பொறுப்பு அலுவலர் என்று பெயர். இயந்திரத்தின் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. நடக்கும்போது அவருக்குத் தெரியக்கூட வராது. நடந்த பிறகு அவர் பெயர் வரும்.

“அப்போ தல வெட்டான் ஒரு ஆளு வேணம். அத்றயல்லே உள்ளூ?” என்றாள் சுமி. தலையை வெட்டக் கொடுக்க ஓர் ஆள், அவ்வளவுதானே என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஜித்தினும் சிரித்தான். யாரும் முன்வரவில்லை. அவனும் வரவில்லை.

பிரசீதா, தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சுமி அவள் கையைப் பிடித்து இழுத்து, நினக்கு வட்டாணோ, பைத்தியமா என்று கேட்டாள். பிரசீதா கையை விடுவித்துக்கொண்டு ஜித்தினிடம் ஒன்று மட்டும் கேட்டாள். எல்லா வண்டிகளின் பின்கதவிலும் தன் பெயரும் தன் சொந்த போன் எண்ணும் இருக்க வேண்டும். அதற்கு நிறுவனத்தில் தனி எண் இருக்கிறதே, அதில் பதிவு செய்யப்பட்ட குரல் பேசுமே என்றான் அவன். வேண்டாம் என்றாள். அவன் எர்ணாகுளத்தைக் கேட்டுச் சம்மதம் வாங்கினான். அவர்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

இதைப் பிராயச்சித்தம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சம்பளம் கொஞ்சம் கூடியதைச் சொல்கிறவர்களும் உண்டு. மினி கேள்விப்பட்டு, “இதுவும் ஒரு நாடகமாக்கும்” என்றாளாம். மாற்ற முடியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பது நேர்மையா, அல்லது முகமில்லாத ஒன்றுக்குத் தன் முகத்தை இரவல் கொடுத்து அதைக் காப்பாற்றுவதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பாராட்ட எனக்குக் கை எழவில்லை. விஜயம்மா சண்டை போட்டுப் பார்த்தார். “ஊரில உள்ளவன் எல்லாம் ராத்திரி பகல் இல்லாம கூப்பிட்டு ஏசுவானே. என்னத்துக்கு மக்கா இது?”

“வாறேம்மா” என்று சொல்லிவிட்டு மகள் ரயிலுக்குக் கிளம்பினாள்.

எழுத்தை வெட்டி ஒட்டுவது நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டிக்கர் கடை. அவளே போய் நின்றாள். எந்த மொழி மேலே வர வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். தமிழ் என்றாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வரும், எதில் தொடங்கட்டும் என்று கேட்டார்.

“உச்சக்கடைல நிக்கிய வண்டிக்கு மொதல்ல ஒட்டுங்க” என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ரயிலில் கேட்ட எங்களுக்கும் அவள் சொன்னதில்லை.